லட்சியத்தை யார் எழுதித் தருவது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பம்மலில் எங்கள் தெரு இரவுப் பள்ளிக்கு ஒரு பயிற்சியாளர் வந்தார். ஏதோ ஒரு கம்பெனி அனுப்பி வைத்ததாகச் சொன்னார்கள். நல்ல மனிதர்தான். பிள்ளைகளிடம் முகம் சுளிக்காமல் தரையில் உட்கார்ந்து பேசினார். ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்துவிட்டு, "கண்ண மூடிக்கங்க. பத்து வருஷம் கழிச்சு நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்க. பாத்தத எழுதுங்க. அதுதான் உங்க விஷன். அது தெளிவா இருந்தா கோல் எல்லாம் தானா வந்து நிக்கும்" என்றார்.

பிள்ளைகள் எழுதினார்கள். கலெக்டர், டாக்டர், போலீஸ், கிரிக்கெட் பிளேயர். ஒரு பொடியன் 'ஏசி ரூம்' என்று மட்டும் எழுதியிருந்தான்.

சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தர வருகிற ஒரு பெண் இருக்கிறாள். பி.காம். கடைசி வருஷம். அவளும் ஒரு தாளை வாங்கி எழுதினாள். ஒரே ஒரு வரி. 'வாடகைக்கு வீடு கேட்டா, எந்தத் தெருவுலேர்ந்து வர்றீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது.'

பயிற்சியாளர் அதைப் படித்தார். கொஞ்சம் யோசித்தார். "இது கம்ப்ளெயின்ட்மா, விஷன் இல்ல. பாசிட்டிவா எழுதணும். உனக்கு என்ன வேணும்னு எழுது" என்றார். அவள் ரப்பரை எடுத்து அழித்துவிட்டு 'வங்கி மேலாளர்' என்று எழுதிக் கொடுத்தாள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

கூட்டம் முடிந்ததும் மன்றத்துத் தோழர்கள் சிரித்தார்கள். "சுயமுன்னேற்ற யாவாரம்ணா இது. சிஸ்டத்த மறைச்சிட்டு நீ முன்னேறு, நீ முன்னேறுன்னு சொல்லி ஏமாத்தறது" என்றார் ஒருவர். அவர் சொன்னதில் பாதி நியாயம். மீதிப் பாதியைப் பற்றி நமக்குள் யாரும் பேசுவதில்லை.

1991. பாபாசாகேப் நூற்றாண்டு. எங்கள் தெருவில் முதன்முதலாக மன்றம் தொடங்கினோம். நான் கல்லூரியில் இருந்தேன். என்னோடு சேர்ந்து விடிய விடிய போஸ்டர் ஒட்டியவன் ஒருவன், என்னைவிட நன்றாகப் படிப்பவன். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போவான், பின்னால் நான் போவேன். ஒரு பிரச்சனையில் அவன் மேல் கேஸ் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பரீட்சைக்குப் போகவில்லை. நாங்கள் அவனை 'போராளி' என்றோம், மேடையில் பேரைச் சொல்லிக் கை தட்டினோம். நீ என்ன ஆகப்போகிறாய் என்று ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை. இன்றைக்கு அவன் பழைய கல்குட்டைப் பக்கம் எழும்பியிருக்கிற அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். என்னைப் பார்த்தால் "ஜெய் பீம்ணா" என்பான். எனக்கு அவன் கண்ணைப் பார்க்க முடிவதில்லை.

அவன் வாழ்க்கையை அரசு கெடுத்தது, போலீஸ் கெடுத்தது, சரி. நாமும் கெடுத்தோம் இல்லையா? தனிமனிதனுக்கு என்று ஒரு லட்சியம் இருப்பதே சுயநலம் என்று நாம்தான் பேசினோம். பேசிய தலைவர்களில் சில பேர் தங்கள் பிள்ளைகளை எங்கே படிக்க வைத்தார்கள் என்பதை இங்கே நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். மேல்தெருப் பிள்ளைக்கு வெள்ளைத் தாளே தேவையில்லை. தாத்தாவின் நிலம், மாமாவின் ஆபீஸ், பெரியப்பாவின் சிபாரிசு என்று அவன் நடக்கவேண்டிய பாதை பிறக்கும்போதே போட்டு வைத்திருக்கிறது. நமக்கும் ஒன்று போட்டு வைத்திருந்தார்கள். எங்கள் ஆயா இந்த மலையில் ஜல்லி உடைத்தவள். எங்கப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்திருக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் அந்த நாற்றம் போகாது. ஆயாவுக்குப் பிறகு அப்பா, அப்பாவுக்குப் பிறகு நான் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார்களே, அதுவும் ஒரு 'விஷன்'தான். மனு எழுதிக் கொடுத்தது. நாமாக ஒன்றை எழுதாவிட்டால் நடப்பது அந்தப் பழைய ஏற்பாடுதான். ஆகையால் தாளைக் கிழித்துப் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. அதில் எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று இன்னொருவர் சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

1917ஐ எடுத்துக்கொள்வோம். நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிற கதைதான். ஆனால் சொல்லும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறோம்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில் அம்பேத்கர் 1913ல் அமெரிக்கா போனார். மாசம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. படித்து வந்து பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். கொலம்பியாவில் படித்து, லண்டனில் பொருளாதாரமும் சட்டமும் பாதியில் நிற்க, உதவித்தொகை முடிந்து 1917ல் திரும்பினார். பரோடாவில் உத்தியோகம் இருந்தது, தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் தடியோடு வந்து நின்றார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய் என்றார்கள். ஒரு இந்து நண்பரையும் ஒரு கிறிஸ்தவ நண்பரையும் கேட்டுப் பார்த்தார். ஒருவர், வீட்டு வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர், மனைவி வரட்டும் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பம்பாய் ரயில் இரவு 9 மணிக்கு. அதுவரைக்கும் சுமார் ஐந்து மணி நேரம் கமாத்தி பாக் என்ற பொதுத் தோட்டத்தில் உட்கார்ந்திருந்தார்.

இன்று அந்த இடத்துக்கு 'சங்கல்ப பூமி' என்று பெயர். என் மக்களின் விடுதலைக்கே என் வாழ்க்கை என்று அவர் உறுதி எடுத்த இடம் என்று ஆண்டுதோறும் செப்டம்பரில் மக்கள் கூடுகிறார்கள். கூடட்டும், எனக்கும் அது புனிதமான இடம்தான். ஆனால் அவரே 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற நினைவுக் குறிப்பில் அந்த ஐந்து மணி நேரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதில் சபதம் எதுவும் இல்லை. மனசு பாதி வெறுமையாகவும் பாதி துக்கமாகவும் இருந்ததாக எழுதுகிறார். கதியற்ற குழந்தைபோல அம்மா அப்பாவை நினைத்துக்கொண்டதாக எழுதுகிறார். அப்போது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அப்புறம் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் ஏறினார். அவ்வளவுதான்.

எனக்கு இது சபதத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. கொலம்பியாவில் படித்த மனிதனுக்கே அந்த நேரத்தில் 'விஷன்' எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடினால் அம்மாதான் தெரிந்தாள். அவர் என்ன முடிவு எடுத்தார் என்பதை அடுத்த ஆறு வருஷத்தில் அவர் செய்த காரியங்களை வைத்துத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

என்ன செய்தார்? டியூஷன் எடுத்தார். பங்கு முதலீட்டு ஆலோசனை சொல்ல ஒரு தொழில் தொடங்கினார். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். 1918ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அங்கே ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்று சிலர் கிளம்பினார்கள். அவர் பாடம் நடத்தினார், காசு சேர்த்தார். லண்டனில் விட்டு வந்த படிப்பை நான்கு வருஷத்துக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கி வைத்திருந்தார். அந்தக் கெடு ஓடிக்கொண்டிருந்தது. 1920 ஜனவரி 31ல் ஷாஹு மகராஜ் தந்த 2,500 ரூபாய் உதவியோடு 'மூக்நாயக்' பத்திரிகையைக் கொண்டுவந்தார். அதே வருஷம் ஜூலையில், அந்தப் பத்திரிகையை மற்றவர்கள் கையில் விட்டுவிட்டு, லண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

இங்கேதான் நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன். இன்றைக்கு நம் தோழர் ஒருவர் ஜனவரியில் பத்திரிகை தொடங்கிவிட்டு ஜூலையில் மேல்படிப்புக்கு வெளிநாடு போனால் நாம் என்ன சொல்லுவோம்? "பாத்தியா, செட்டில் ஆயிட்டான்" என்போம். அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள். அவர் இல்லாதபோது 'மூக்நாயக்' தள்ளாடி 1923ல் நின்றும் போனது. அது நஷ்டம்தான். அந்த நஷ்டத்தோடுதான் அவர் பாரிஸ்டர் பட்டம் வாங்கி 1923ல் திரும்பினார், அதே வருஷம் டி.எஸ்சி. பட்டமும் கிடைத்தது. 1924ல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபா, 1927ல் மகாத் குளம். நீதிமன்றத்திலும் கமிஷன்களிலும் வட்டமேசையிலும் அவர் பேசியபோது எதிரில் இருந்தவனால் தட்டிக்கழிக்க முடியாமல் போனதற்கு அந்த லண்டன் வருஷங்களும் ஒரு காரணம்.

(பின்குறிப்பாக ஒன்று. லண்டன் போகப் போதாத பணத்துக்கு 5,000 ரூபாய் கடன் கொடுத்தவர் நவல் பத்தேனா, ஒரு பார்சி நண்பர். தடியோடு வந்தவர்களும் பார்சிகள்தான்.)

குறிக்கோள்கள் மாறின. பரோடாவில் பத்து வருஷ உத்தியோகம் என்ற குறிக்கோள் பதினோரு நாளில் செத்தது. முதலீட்டுத் தொழில் செத்தது. பத்திரிகை செத்தது. எதற்காக இதெல்லாம் என்பது மட்டும் சாகவில்லை. 1935ல் இயோலாவில், இந்துவாகப் பிறந்தேன், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அது ஊரறிய எடுத்த சபதம். அதை நிறைவேற்றியது 1956 அக்டோபர் 14, நாகபுரியில். இடையில் 21 வருஷம். பயிற்சியாளர் நமக்குக் கொடுத்தது பத்து வருஷம்தான்.

இந்தக் கதையில் ரமாபாயை மறந்துவிட்டுப் பேசக்கூடாது. அவர் லண்டனில் படித்த வருஷங்களில் பம்பாயில் அடுப்பு எரிய வைத்தது ரமா. பெற்ற பிள்ளைகளில் நான்கு பேரைப் பறிகொடுத்து, 1935ல் அவரும் போய்விட்டார். பிற்பாடு 'பாகிஸ்தான் பற்றிய சிந்தனைகள்' நூலை அவர் நினைவுக்குத்தான் பாபாசாகேப் அர்ப்பணித்தார். ஒரு ஆணின் லட்சியம் எந்தப் பெண்ணின் சோற்றுத் தட்டிலிருந்து எடுக்கப்படுகிறது என்று அவரே உணர்ந்திருந்தார் என்று நான் நினைக்கிறேன். நம் இயக்கத் தோழர்கள் வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அவர்கள் மனைவியின் முகத்தை. என் வீட்டிலும் அதே கதைதான், மறைக்கவில்லை.

பரோடா தூரம் என்பவர்களுக்கு மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தைச் சொல்கிறேன். தாம்பரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். 1859ல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் கோயமுத்தூரில் படித்தபோது, சாதி தெரிந்துவிடுமோ என்று பயந்து பிள்ளைகளோடு சேராமல் ஒதுங்கியே இருந்ததை 1939ல் வெளிவந்த தன் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' நூலில் சொல்கிறார். பள்ளிக்கூட மணி அடிக்கிற வரைக்கும் வெளியே எங்காவது படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் உள்ளே, விட்டதும் வீட்டுக்கு வேகமாக. அந்தப் பையன்தான் 1893ல் சென்னையில் 10 ரூபாயில் ஒரு பத்திரிகை தொடங்கினான். அதற்கு என்ன பெயர் வைத்தான்? 'பறையன்'. எந்தப் பெயரை மறைக்க ஓடினானோ அதையே அச்சடித்துத் தெருவில் விற்றான்.

எனக்கு இதைப் படித்தபோது உடம்பு கூசியது. நான் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும், "பம்மல்ல எங்கப்பா?" என்று யாராவது கேட்டால் "நாகல்கேணி தாண்டி" என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்தவன். அப்பாவைக் கல்லூரி வாசலுக்கு வராதே என்று சொன்னவன். அவரும் ஏன் என்று கேட்கவில்லை. மன்றத்தில் போராளி, கல்லூரியில் திருடன் மாதிரி ஒளிகிறவன்.

சீனிவாசனின் திட்டமும் நேராகப் போகவில்லை. 1900ல் லண்டன் போகக் கிளம்பியவர் தென்னாப்பிரிக்காவில் தங்கிப்போனார். 'பறையன்' நின்றது. 1921ல்தான் ஊர் திரும்பினார். 1923ல் சென்னை சட்டமன்றத்துக்கு நியமனம் ஆனார். 1924ல் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன தெரியுமா? பொதுத் தெருவில் நடப்பதற்கும், பொதுக் கிணறு குளத்தில் தண்ணீர் எடுப்பதற்கும் யாரும் எங்களைத் தடுக்கக் கூடாது. அவ்வளவுதான். அது நிறைவேறி அரசாணையும் ஆனது. அப்புறம் 1930ல், எழுபது வயசு தாண்டி, லண்டன் வட்டமேசைக்குப் போனார், அம்பேத்கரோடு சேர்ந்து.

'தடுக்கக் கூடாது.' 'கேக்கக் கூடாது.' இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அந்தப் பயிற்சியாளர் 1924ல் சட்டமன்றத்தில் இருந்திருந்தால், "இது கம்ப்ளெயின்ட், பாசிட்டிவா எழுதுங்க" என்று சீனிவாசனிடமும் சொல்லியிருப்பார்.

நம்மைப் போன்றவர்களுக்கு வாழ்க்கை லட்சியம் கண்ணை மூடினால் வராது. எந்தக் கதவு நம் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டதோ அங்கிருந்துதான் அது கிளம்புகிறது. உடனே வராது, முதலில் அழுகைதான் வரும். அப்புறம் அந்தக் கதவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். பூட்டு எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது, சாவி யார் கையில், எனக்கு எந்த வேலை தெரிந்தால் அதைத் திறக்கலாம். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள எத்தனை வருஷம், எவ்வளவு பணம், யார் வீட்டு அடுப்பை நம்பி. இந்த அளவுக்கு இறங்கிக் கணக்குப் போட்டால்தான் அதை லட்சியம் என்பேன். போடாவிட்டால் அது வசனம். நம் மேடைகளில் வசனத்துக்குக் குறைவில்லை.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண்ணைப் பிடித்து உட்கார வைத்துப் பேசினேன். "அன்னைக்கு நீ எழுதி அழிச்சது ஏம்மா?"

"சும்மாதாண்ணா. அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு, ஒரே ரூம். ஏழு வீடு பாத்தோம். தெருவக் கேப்பாங்க, அப்புறம் வெஜிடேரியனுக்குத்தான் தர்றதும்பாங்க. ஒரு வீட்ல அட்வான்ஸ் வாங்கிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அவளிடம் பரோடா கதையைச் சொன்னேன். கூடவே ஒரு தீர்ப்பையும் சொன்னேன். 2005ல், பார்சிகளின் ஒரு வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் தன் மதத்தவர் மட்டுமே உறுப்பினர் ஆகலாம் என்று வைத்த விதி செல்லும் என உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியல் சட்டத்தின் 15வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று எழுதி வைத்து அங்கெல்லாம் பாகுபாடு கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வாடகை வீடு என்ற வார்த்தை இல்லை. அவள் கேட்டாள். "அப்ப அதை யாருண்ணா மாத்தறது?"

அந்தக் கேள்வி வந்ததும் எனக்குத் தெரிந்தது, இவள் வங்கி மேலாளர் ஆகப் போகிறவள் இல்லை. (ஆனாலும் தப்பில்லை, வங்கியிலும் நம் ஆள் வேண்டும்.) சட்டம் படிக்கணும் என்று ஆசை இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. பட்டம் முடித்தபின் மூன்று வருஷப் படிப்பு. புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் பெரிசு இல்லை. பஸ்ஸும் புத்தகமும், அந்த மூன்று வருஷம் அவள் சம்பாதிக்காமல் இருப்பதும்தான் பெரிசு. அவள் அம்மாவிடம் போய்ப் பேசினேன். அந்த அம்மா முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்கள். "மெப்ஸ்ல கம்பெனில எடுக்கறாங்கப்பா. மாசம் காசு வரும். நீ சொல்ற மாரி படிச்சா, வாடகைய யாரு குடுப்பா? உங்க மன்றமா?"

எனக்கு வாயடைத்துப் போனது. சானடோரியத்தில் வேலைக்குப் போவது ஒன்றும் தோல்வி இல்லை, சிடன்ஹாமில் பாபாசாகேப் காசு சேர்த்த மாதிரி ஒரு வருஷம் போய்ச் சேர்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். சொல்லும்போதே பயமாகத்தான் இருந்தது. ஒரு வருஷம் என்று போனவர்கள் இருபது வருஷமாக அங்கேயே ஷிப்ட் பார்ப்பதை இந்தத் தெருவிலேயே காட்டலாம்.

தோழர்கள் இன்னொரு ஆட்சேபம் சொல்கிறார்கள். "படிச்சு வக்கீலானதும் வேளச்சேரில வீடு எடுத்துட்டுப் போயிடும்ணா. இந்தத் தெருவத் திரும்பிப் பாக்காது." 1956 மார்ச்சில் ஆக்ராவில், படித்தவர்கள் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று பாபாசாகேப் வருந்தியதையும் எடுத்துக் காட்டுகிறார்கள். மறுக்கவில்லை. போகலாம். ஆனால் அவள் படிக்கும்போது நாம் எங்கே இருந்தோம் என்பதும் அந்தக் கணக்கில் வரும். என் போஸ்டர் நண்பன் எங்கேயும் போகவில்லை, இதே தெருவில்தான் இருக்கிறான். அதனால் தெருவுக்கு என்ன கிடைத்தது?

எங்கள் மன்றத்தில் ஏப்ரல் 14க்காகச் சேர்த்த பணம் இருக்கிறது. பல்லாவரம் ரோடு முனையிலிருந்து தெரு வரைக்கும் பேனர், சீரியல் லைட், மேளம். பம்மல் 2021ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, மாநகராட்சிக்கு நம் பலத்தைக் காட்டணும் என்பது இளைஞர்களின் வாதம். அந்த வாதத்திலும் அர்த்தம் இருக்கிறது. இந்தத் தெரு ஒளிந்துகொண்டிருந்த காலம் எனக்குத் தெரியும், வெளிச்சம் போடுவதைக் குறைத்துப் பேசமாட்டேன். இருந்தாலும் அந்தப் பணத்தை அவளுடைய முதல் வருஷச் செலவுக்குக் கொடுக்கலாம், மாலையும் நீல விளக்கும் மட்டும் போதும் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருத்தர் அந்த வாட்ச்மேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அவள் அம்மாவையும் வரச் சொல்லியிருக்கிறோம்.